டெல்பர்ட்டின் முதுகும் எதிர்வீட்டு வேனும்

"டாக்டரம்மா உங்களைப் பார்த்து 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டாங்க. நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

ப்ரூயிட் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்ததும் இடுப்புக்குக் கீழே யாரோ கம்பியை விட்டுத் திருகியது போல் சுளீரென்றது. முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

"பிரமாதம், மேடம்னு சொன்னேன்."

"முதுகு வலி எப்படின்னு கேட்டப்போ?"

"குறை சொல்ற மாதிரி ஒண்ணுமில்லைன்னேன்."

"குத்துக்கால் போட்டு உட்கார முடியுமான்னு கேட்டிருக்காங்க."

"உட்கார்ந்து காட்டினேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்."

"எத்தனை தடவை?"

"அவங்க போதும்னு சொல்லணுமில்ல? அவங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்தாங்க. போதும்னு சொல்ல மறந்துட்டாங்க."

ப்ரூயிட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். போரில் அடிபட்டவர்களுக்கு உதவித்தொகை வாங்கித்தர, ஓக்லஹோமாவில் லாட்டன் நகரத்து முன்னாள் படைவீரர் சங்கம் அவளை நியமித்திருந்தது. அந்த நாற்காலியில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறாள், கத்தியவர்களைப் பார்த்திருக்கிறாள். தன் கேஸைத் தானே குழிதோண்டிப் புதைத்துவிட்டு இப்படி மெடல் வாங்க வந்தவர் மாதிரி உட்காருபவர்களைக் கண்டால்தான் அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

"'மனுதாரரிடம் ஊனம் எதுவும் காணப்படவில்லை. உற்சாகமாக இருக்கிறார்'னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க. அதான் நிராகரிச்சுட்டாங்க."

"உற்சாகமா!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் மனைவி ஒலீட்டா பொங்கினாள். "அன்னைக்கு இந்த மனுஷனைக் கார்ல ஏத்த நானும் பார்க்கிங்ல நின்ன ஆளும் சேர்ந்து பட்ட பாடு இருக்கே! மடிக்க வராத கட்டிலை டிக்கியில திணிக்கிற மாதிரி திணிச்சோம்!"

"அது டாக்டருக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? கட்டடத்து மூலை திரும்புற வரைக்கும் நேராத்தானே நடந்தேன்" என்றார் டெல்பர்ட், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் உடம்பில் ஊறிப்போன வியாதி அது. வளைகுடாப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். ஒருநாள் குண்டைக் கையில் அணைத்தபடி வண்டியிலிருந்து வழுக்கி, குண்டோடு சேர்ந்து முதுகடித்துக் கீழே விழுந்தார். "ஹாஸ்கின்ஸ்! எப்படி இருக்கே?" என்று சார்ஜென்ட் கத்தினார். "பிரமாதம், சார்ஜென்ட்!" என்று கத்திவிட்டு எழுந்து அடுத்த குண்டைத் தூக்கினார். டாக்டர் கூடாரத்துக்குப் போகிறவனை அங்கே வேலைக்கள்ளன் என்பார்கள். டெல்பர்ட் போகவில்லை. ஆகவே அவர் விழுந்ததற்கு அரசாங்கத்திடம் ஒரு சாட்சியும் இல்லை, அவர் முதுகைத் தவிர.

ஊர் திரும்பிப் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து ரிப்பேர் பார்த்தே காலம் ஓடியது. இப்போது முதுகு முரண்டு பிடித்துவிட்டது. போன மாதம் ஒரு பேருந்துக்கு அடியில் போனவர் வெளியே வர முடியாமல் போக, காலைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். ஒலீட்டா முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள். அப்பீல் ஜெயித்தால் அவர் ஸ்பானரைக் கீழே வைக்கலாம், அவள் இரண்டாவது ஷிப்டை விடலாம். தோற்றால் இப்போது போட்டிருக்கும் லீவு முடிந்ததும் மறுபடி பேருந்துக்கு அடியில் போக வேண்டியதுதான்.

"அப்பீல் போட்டாச்சு. நீதிபதி வீடியோவில வருவார்" என்றாள் ப்ரூயிட் அம்மாள். "வந்ததும் முதல்ல எப்படி இருக்கீங்கன்னுதான் கேட்பார். உண்மையைச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேட்கிறது."

"சரிங்க மேடம்."

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"பிரமாதம், மேடம்!"

ஒலீட்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று முதல் சமையலறை நீதிமன்றமாகிவிட்டது. ஒலீட்டா கறுப்புக் குளியல் அங்கியை மாட்டிக்கொண்டு நீதிபதியாக உட்காருவாள். கையில் மரக்கரண்டி. எதிரே வாணலி.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், எப்படி இருக்கீங்க?"

"பிர..."

டங்!

"எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்..."

டங்! டங்!

"இப்படி அடிச்சா காதும் போயிடும் ஒலீட்டா!"

"போகட்டும், அதையும் அப்பீல்ல சேர்த்துக்கலாம். சொல்லு, எங்கே வலிக்குது?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"ஏன், நான் யாரு? கட்டின பொண்டாட்டி!"

"அதனாலதான்."

ஒலீட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். வாணலியைத் துடைத்து வைத்துவிட்டு, "சரி, தெரிஞ்சவங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்தா தெரியாதவங்ககிட்ட பழகு. இனிமே வெளியில யார் எப்படி இருக்கேன்னு கேட்டாலும் உண்மையைச் சொல்லணும்" என்று உத்தரவு போட்டாள்.

உத்தரவு என்றால் டெல்பர்ட் தட்டமாட்டார். மறுநாள் மளிகைக் கடையில் பால் டப்பாவும் ரொட்டியுமாகப் பணம் கட்டும் இடத்துக்கு வந்தார். ஊதா நிறத் தலைமுடியோடு நின்ற பெண், டப்பாவைப் பார்த்தபடியே, "எப்படி இருக்கீங்க?" என்றாள்.

டெல்பர்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இடுப்புல ஆரம்பிக்குதும்மா. அங்கேயிருந்து வலது தொடை வழியா இறங்கி முழங்காலுக்கு வருது. காலையில செருப்பு மாட்டக் குனிஞ்சா கண்ணுல பூச்சி பறக்குது. தும்மலைக்கூட உட்கார்ந்துதான் தும்முறேன்..."

அடைப்பைத் திறந்துவிட்ட சாக்கடை மாதிரி கொட்டியது. பின்னால் வரிசை நீண்டது. ஐஸ்கிரீம் வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். டெல்பர்ட் இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் அவளிடம் பதில் சொன்னதில்லை. அந்தப் பெண் வெலவெலத்துப் போய் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

இரண்டு திடகாத்திரமான ஆட்கள் டெல்பர்ட்டை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து வார் போட்டார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து, ராணுவக் குரலில், "ஐயா! எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதுதான் தப்பு.

"பிரமாதம்!" என்று டெல்பர்ட் வாரை அவிழ்த்துக்கொண்டு குதித்து, பால் டப்பாவை எடுத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி வாசல்வரை நடந்தார். வாசலைத் தாண்டித் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் போய்ச் சுருண்டார். ஆனால் அது யார் கண்ணிலும் படவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிய ஒருவர் எடுத்த வீடியோ வாசலோடு முடிந்துவிட்டது. 'லாட்டனில் ஓர் அற்புதம்' என்ற தலைப்போடு சாயங்காலத்துக்குள் ஊரே அதைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாஸ்டர் அதை மேற்கோள் காட்டினார்.

"உங்களை உண்மையைச் சொல்லச் சொன்னேன்" என்று ப்ரூயிட் அம்மாள் போனில் அழமாட்டாத குறையாகச் சொன்னாள். "கடையில சொல்லச் சொல்லலை. சொன்னீங்களே, அதோட குதிக்காம இருந்திருக்கலாமில்ல?"

இந்த நேரத்தில்தான் ஹாய்ட் வந்து சேர்ந்தார். டெல்பர்ட்டோடு அதே படையில், வேறொரு பீரங்கியில் வேலை பார்த்தவர். படைவீரர் சங்கத்து மதுக்கூடத்தில் மூலை நாற்காலி அவருடையது. அவருக்குத் தெரியாத அரசாங்க ரகசியம் கிடையாது. அதில் நிஜம் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

"டேய் டெல், வீடியோ பார்த்தேன். உன் கதை முடிஞ்சுது."

"என்னடா சொல்றே?"

"இனிமே உன் பின்னாடி ஆள் போடுவாங்க. நிஜமாவே முடியாதவனா, நடிக்கிறானான்னு வேவு பார்ப்பாங்க. டங்கன் ஊர்ல ஒருத்தன், முதுகு உடைஞ்சவன், மீன்பிடி படகைத் தூக்கினதைப் படம் பிடிச்சுட்டாங்க. பாவம், போச்சு!"

"படகை எதுக்குடா தூக்கினான்?"

"மீன் பிடிக்கத்தான். நீ ஜன்னலைப் பாரு."

டெல்பர்ட் ஜன்னல் திரையை விலக்கினார். பல மாதமாகக் காலியாகக் கிடந்த எதிர்வீட்டு வாசலில் ஒரு சாம்பல் நிற வேன் நின்றது. பின்பக்கம் ஜன்னலே இல்லாத வேன். ஓட்டுநர் இருக்கையில் ஒட்ட வெட்டிய தலையோடு ஓர் ஆள். டெல்பர்ட் பார்த்ததும் அவன் படக்கென்று தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"நேத்து அங்கே 'வாடகைக்கு'ன்னு ஒரு பலகை இருந்துதே?" என்றார் டெல்பர்ட்.

"அரசாங்கம் எடுத்திருக்கும். வேவு பார்க்கணும்னா வீட்டையே எடுத்துடுவாங்க. அந்த உட்கார்ற தோரணையைப் பாரு. பட்டாளத்து ஆள். அவங்களைத்தான் இந்த வேலைக்குப் போடுவாங்க."

 டெல்பர்ட் மான் வேட்டைக்கு வைத்திருந்த பைனாகுலரை எடுத்துவந்து ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டார். அன்று முதல் அதுதான் அவர் உத்தியோகம். வேன் காலையில் வரும், பொழுது சாயக் கிளம்பும். அந்த ஆள் இறங்குவதே இல்லை. முன்கண்ணாடி வழியே அவனுக்குப் பின்னால் கம்பளி போர்த்திய உருவங்கள் தெரிந்தன.

"கருவிகள்" என்றார் ஹாய்ட், தன் முறைக்குப் பைனாகுலரை வாங்கிக்கொண்டு. "செவுத்துக்குள்ள நடக்கிறதைக் கேட்கிற கருவி."

"உங்க ரெண்டு பேர் பேச்சைக் கேட்கிறதுக்கா அரசாங்கம் செலவழிக்குது?" என்றாள் ஒலீட்டா.

ஹாய்ட்டின் ஆலோசனை எளிமையானது. வெளியே போகும்போதெல்லாம் நன்றாக நொண்ட வேண்டும். அவன் பார்க்கட்டும், எழுதிக்கொள்ளட்டும். இதற்கென்று தன் மாமனாரின் கைத்தடியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

இங்கேதான் விபரீதம். டெல்பர்ட்டுக்கு நிஜமாகவே கால் வலி. ஆனால் வலிக்கிற காலை மறைத்து நேராக நடப்பதில்தான் அவருக்கு இத்தனை வருடப் பயிற்சி. நொண்டத் தெரியாது. தபால் பெட்டிக்குப் புறப்பட்டவர், வேனில் இருந்த ஆள் கைபேசியை உயர்த்தியதைப் பார்த்ததும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல், வலது காலுக்குப் பதிலாக இடது காலை இழுக்க ஆரம்பித்தார். பாரம் முழுக்க வலது முழங்காலில் இறங்கியது. அது கேட்குமா? கைத்தடி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக ரோஜாச் செடியில் விழுந்தார்.

"நடிப்பே வரலை உனக்கு" என்றார் ஹாய்ட், முள் எடுத்தபடி. "நிஜமா முடியாதவன் இவ்வளவு மோசமாவா நொண்டுவான்?"

விஷயம் தெரிந்து ப்ரூயிட் அம்மாள் போனில் வெடித்தாள். "நடிக்கவே கூடாது மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்! நடிச்சதா ஒரு துளி சந்தேகம் வந்தாலும் எல்லாம் போச்சு. இயல்பா இருங்க!"

இயல்பாக இருந்தால் ஆரோக்கியமாகத் தெரிகிறார். நொண்டினால் நடிப்பதாகத் தெரிகிறார். யோசித்துப் பார்த்து, வெளியே போகாமலே இருந்துவிடுவது என்று டெல்பர்ட் முடிவுக்கு வந்தார்.

அதிலும் ஒரு சிக்கல். அது மே மாதம், மழை பெய்து புல் மதமதவென்று வளர்கிற காலம். அந்தத் தெருவில் ஒருவன் மனைவியை விட்டுப் பிரிந்தாலும் மன்னிப்பார்கள், வாசல் புல்லை வெட்டாமல் விட்டால் மன்னிக்கமாட்டார்கள். புல் கணுக்காலைத் தாண்டியதும் அக்கம்பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். முழங்காலை நெருங்கியதும் டெல்பர்ட் சாகக் கிடக்கிறார் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. தேவாலயத்துப் பெண்கள் கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள்.

"அற்புதம் நடந்தப்புறமும் இப்படி ஆயிடுச்சே" என்று மூக்கைச் சிந்தினாள் ஒருத்தி.

"கடைசியா ஏதாவது ஆசைப்படுறாரா?" என்று ரகசியமாகக் கேட்டாள் இன்னொருத்தி.

"புல் வெட்டணும்னு ஆசைப்படுறார்" என்றாள் ஒலீட்டா கடுப்பாக.

இரண்டு ஷிப்ட் முடித்து வந்து கடைசியில் அவள்தான் புல் வெட்டினாள். வேனிலிருந்தவன் ஜன்னல் பக்கம் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தான். ஜன்னலுக்குள்ளே பெண்டாட்டியை வெயிலில் விட்டுவிட்டுப் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்த டெல்பர்ட் அந்தப் படத்தில் எப்படி விழுந்திருப்பார் என்று நினைக்கும்போதே அவருக்குக் கூசியது. நிஜமாகவே கூசியது. அவளுடைய சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்ததைப் பார்க்க முடியாமல் பைனாகுலரை இறக்கிவிட்டார்.

ஒலீட்டா உள்ளே வந்து ஒரு சொம்பு ஐஸ் டீயைக் குடித்து முடித்தாள். "இதோ பாரு டெல். அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான். இந்த வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கிற வேன்ல உட்கார்ந்திருக்கான். கொட்டைப்பருப்பு வச்சுச் சுட்ட பலகாரம், பெக்கான் பை ஒண்ணு மிச்சமிருக்கு. கொண்டுபோய்க் கொடு. மனுஷனுக்கு மனுஷன் பேசினா எல்லாம் சரியாயிடும்."

டெல்பர்ட் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு தெருவைத் தாண்டினார். நொண்டுவதா, நேராகப் போவதா என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டிலும் பாதிப் பாதியாக நடந்தார். வேனிலிருந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, சிலை மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, என் சம்சாரம் சுட்டது. எடுத்துக்கங்க."

அவன் கையை நீட்டவில்லை.

"நல்லா இருக்கும், தம்பி."

"வண்டி முகப்புல வச்சிட்டுப் போங்க சார்" என்றான், உதடு மட்டும் அசைய.

டெல்பர்ட் வைத்துவிட்டு வந்தார். அன்று முழுவதும் பலகாரம் அங்கேயே இருந்தது. அவன் இறங்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. சர்க்கரைப் பாகு உருகி முன்விளக்கில் வழிந்தது. பிறகு காக்கைகள் வந்தன.

"லஞ்சம்னு நினைச்சிருப்பான்" என்றார் ஹாய்ட், குரலைத் தாழ்த்தி. "ஆபீசருக்கு லஞ்சம் கொடுத்ததா அதையும் எழுதியிருப்பான். ஜெயில்ல கைத்தடி அனுமதிப்பாங்களான்னு விசாரிச்சு வைக்கிறேன்."

விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அன்று வியாழக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் வானம் பச்சையாகத் திரிந்தது. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். அவர் கோட்டோடு இருக்கும்வரை ஓக்லஹோமாவில் யாரும் நாற்காலியை விட்டு நகரமாட்டார்கள். கோட்டைக் கழற்றினால் நிலைமை மோசம். கொஞ்ச நேரத்தில் ஊர்ச் சங்கு அலறியது.

ஒலீட்டா டார்ச்சும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வாசல் ஓரத்தில் தோண்டியிருந்த சூறாவளிப் பதுங்கு குழிக்கு ஓடினாள். டெல்பர்ட், அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் செய்கிறபடி, முதலில் வாசலில் நின்று சூறாவளி எங்கே வருகிறது என்று வேடிக்கை பார்த்தார். தெரு நெடுக ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை அளவு ஆலங்கட்டி விழத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

"உள்ளே வாய்யா!" என்று குழியிலிருந்து ஒலீட்டா கத்தினாள்.

டெல்பர்ட் திரும்பும்போது எதிரே வேனைப் பார்த்தார். அந்த ஆள் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். காற்றில் வேன் ஆடியது. சூறாவளியில் வண்டிக்குள் இருப்பதைப்போலப் பைத்தியக்காரத்தனம் வேறில்லை. அந்த ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் அது தெரியும். அவனோ அவரையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"ஏம்ப்பா! இறங்கு! ஓடு!"

அவன் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"கடமைன்னாலும் ஒரு அளவு வேண்டாமா?" என்று டெல்பர்ட் கத்தினார். அப்பீல், ரிப்போர்ட், நீதிபதி எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்தன. போனால் போகட்டும் என்று கைத்தடியை எறிந்துவிட்டு ஓடினார். நொண்டவில்லை. இளவட்டம் மாதிரி ஓடித் தெருவைக் கடந்து, இறுகிக்கிடந்த வேன் கதவை ஒரே இழுப்பில் திறந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். "என் வீட்டுக் குழிக்கு ஓடு!"

இருவரும் ஓடினார்கள். நடுத்தெருவில் டெல்பர்ட்டின் முழங்கால் கழன்றது. இடுப்புக்குள் ஏதோ பட்டென்று பூட்டிக்கொண்டது. தார் ரோட்டில் குப்புற விழுந்தார். எழப் பார்த்தார், உடம்பு கேட்கவில்லை. மேலே ஆலங்கட்டி, தெரு முனையில் ரயில் வருவது போன்ற இரைச்சல்.

முன்னால் ஓடியவன் திரும்பினான். ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கத்தை டெல்பர்ட் பார்த்தார். பிறகு அவன் ஓடிவந்து குனிந்து, அடிபட்டவனைப் போர்க்களத்தில் தூக்குகிற அதே முறையில் டெல்பர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாய்ந்து வேலியைத் தாண்டினான். டெல்பர்ட் சாதாரணப் பாரமில்லை. தேவாலயத்துக் கோழியும் நூடுல்ஸும் வேறு சேர்ந்திருந்தது.

"எப்படி இருக்கீங்க சார்?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் அவன்.

"பிரமாதம்!" என்றார் டெல்பர்ட், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே.

குழிக்குள் இருவரும் ஒலீட்டாவின் காலடியில் உருண்டு விழுந்தார்கள். அவன் இரும்புக் கதவை இழுத்துத் தாழிட்டான். மேலே உலகமே பெயர்ந்துபோவது போல் இரைந்தது. ஒலீட்டா ஒரு கையால் டார்ச்சையும் மறு கையால் புருஷன் தலையையும் பிடித்துக்கொண்டாள். மெல்ல இரைச்சல் நகர்ந்து நகர்ந்து தூரத்துக்குப் போனது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

டெல்பர்ட் தரையில் கிடந்தார். ஓடியதையும், கதவைப் பெயர்த்ததையும், கடைசியில் 'பிரமாதம்' என்றதையும் ஒன்றுவிடாமல் அவன் பார்த்துவிட்டான். இனி என்ன மிச்சமிருக்கிறது? அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை என்றதும் அவருக்கு விசித்திரமாக ஒரு நிம்மதி வந்தது.

"டெல்" என்றாள் ஒலீட்டா. இந்தத் தடவை கையில் கரண்டி இல்லை. "எப்படி இருக்கே?"

"வலிக்குது, ஒலீட்டா."

அவள் டார்ச்சைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப வலிக்குது. எழுந்திருக்க முடியலை. பட்டாளத்துல விழுந்தேனே, அன்னைக்கும் இப்படித்தான் வலிச்சுது. நீ பயந்துடுவியேன்னு சொல்லலை. அப்புறம் சொல்லாமலே பழகிப்போச்சு. நீ புல் வெட்டறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, அது இதைவிட வலிச்சுது."

ஒலீட்டா அழுதாள். அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இதை நீதிபதிகிட்ட இப்படியே சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்ல நினைத்தவள், அவர் காதை மட்டும் தடவிக்கொடுத்தாள்.

எதிர் மூலையில் அந்த ஆள் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தான். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. உயிரைக் காப்பாற்றியவனிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும், கூடவே வெட்கத்தை விட்டுக் கெஞ்சிப் பார்க்கவும் வேண்டும் என்று டெல்பர்ட் வாயைத் திறந்தார்.

"தம்பி..."

அதற்குள் அவன் முழங்காலிலேயே நகர்ந்து பக்கத்தில் வந்து, நடுங்கும் குரலில் சொன்னான்:

"சார், எதிர்வீட்டை வாடகைக்கு எடுத்த நாள்லேர்ந்து, நீங்க பைனாகுலரோட உட்கார்ந்து என்னை வேவு பார்க்கிறீங்கன்னுதான் வேன்ல இருக்கிற கட்டில் நாற்காலியைக்கூட இறக்காம இருந்தேன், இன்னைக்கு உங்களைத் தோள்ல தூக்கினதை மட்டும் தயவுசெஞ்சு ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க சார், என் தோள்பட்டை கேஸ் வர்ற செவ்வாய்க்கிழமைதான் அப்பீல்ல வருது!"